சங்கத்தில் சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துவிட்டு மதுரைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கேஸ் ஒர்க்கராக இருக்கிறேன். குழந்தைத் திருமணத்திலிருந்தும் வேலைத்தலங்களிலிருந்தும் மீட்கப்பட்ட பிள்ளைகளோடுதான் என் வேலை. கையில் வருவது 14 ஆயிரம், பி.எஃப். கிடையாது, வருடா வருடம் ஒப்பந்தம். ஆனுவல் ரிப்போர்ட்டில் போடுவதற்குச் சில பிள்ளைகளின் போட்டோவும் கதையும் பெயர், ஊரோடு வேண்டும் என்று டைரக்டர் சார் கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதற்கு நடுவில், தேசிய அளவிலான சமூகப் பணியாளர் சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகச் சேரச் சொல்கிறார் என் பழைய பேராசிரியர். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் சீனியர் அக்காவோ, "இங்கே சங்கம் நமக்காக வந்து நிற்கும், அங்கே அது வெறும் சர்டிஃபிகேட்" என்கிறார். சேர்ந்தால் வேலை கிடைக்குமா, சம்பளம் ஏறுமா, இந்த மாதிரி நேரத்தில் யாராவது எனக்காகப் பேசுவார்களா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

வேலை கிடைக்காது, சம்பளமும் ஏறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டையும் நம்பிச் சந்தா கட்டுகிறவர்கள்தான் ஒரே வருடத்தில் "சங்கமாவது மண்ணாவது" என்று திட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள். உங்களுடைய மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

உங்கள் சீனியர் சொன்னது பாதி சரி. அங்கே மூன்று வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன, அவர் மூன்றையும் சேர்த்து 'சங்கம்' என்கிறார். இங்கிலாந்தில் 2005-லிருந்து பதிவு செய்யாத ஒருவர் தன்னை சோஷியல் ஒர்க்கர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம். அந்தப் பதிவேட்டை 2019 டிசம்பரிலிருந்து வைத்திருப்பது சோஷியல் ஒர்க் இங்கிலாந்து என்ற ஒழுங்குமுறை அமைப்பு. அது உங்கள் அக்காவுக்காகப் பேசாது, அவர் தப்பு செய்தால் விசாரித்துப் பெயரை நீக்கும். 1970-ல் தொடங்கிய பிரிட்டிஷ் சமூகப் பணியாளர் சங்கம் வேறு, அது உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொல்லும், நிர்வாகம் விசாரணைக்குக் கூப்பிட்டால் கூட வந்து உட்காரும். அதோடு சேர்ந்து இயங்கும் தொழிற்சங்கம் ஒன்று 2011-ல் வந்தது.

நம் ஊரில் டாக்டர்களைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். மருந்துச் சீட்டில் டாக்டர் பெயருக்குக் கீழே இருக்கிற பதிவு எண் மருத்துவக் கவுன்சில் கொடுத்தது, டாக்டர்கள் சங்கமான ஐ.எம்.ஏ. கொடுத்ததல்ல. ஐ.எம்.ஏ.வில் சேராமலே ஒருவர் ஆயுசு முழுக்க வைத்தியம் பார்க்கலாம், பதிவு எண் இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது. வக்கீல்களுக்கும் அப்படித்தான், பார் கவுன்சில் வேறு, கோர்ட் வளாகத்தில் தேர்தல் நடத்தி போஸ்டர் ஒட்டுகிற வழக்கறிஞர் சங்கம் வேறு.

சமூகப் பணிக்கு இந்தியாவில் சங்கம் இருக்கிறது, பதிவு எண் கொடுக்கிற கவுன்சில் இல்லை. 1936-ல் பம்பாயில் டாடா சமூகப் பணிப் பள்ளி ஆரம்பித்தாயிற்று, 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தாயிற்று, இன்றைக்கு எம்.எஸ்.டபிள்யூ. இல்லாத மாவட்டம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் உங்களுடைய இரண்டு வருடப் படிப்பும் ஃபீல்டு ஒர்க் ரெக்கார்டும் இல்லாத ஒருவர் விசிட்டிங் கார்டில் 'சோஷியல் ஒர்க்கர்' என்று அச்சடித்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்காது. தேசிய கவுன்சில் வேண்டும் என்ற கோரிக்கை 1990-களிலிருந்து பேசப்பட்டு வருகிறது, இன்னும் சட்டமாகவில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, அது ஒரு வாசல். குழந்தைப் பாதுகாப்பில் இருக்கும் நீங்கள் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறீர்கள்.

இதனால் என்ன நஷ்டம்? உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் அக்காவிடம் ஒரு மேலாளர் இப்படிப் பிள்ளைகளின் போட்டோவைக் கேட்டால், "சார், இதைச் செய்தால் என் பதிவு போய்விடும், அப்புறம் இந்த நாட்டில் எங்கேயும் நான் வேலை பார்க்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது கோபமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, மேலாளரே மேலே பேச முடியாத ஒரு காரணம். உங்களுக்கு அந்த வரி இல்லை. நீங்கள் மறுத்தால் அது உங்கள் சொந்தப் பிடிவாதமாகத்தான் தெரியும், "ரொம்பத்தான் பண்றா" என்று ஆபீஸில் பேசுவார்கள். கவுன்சில் இல்லாததன் வலி டெல்லியில் இல்லை, உங்கள் டைரக்டர் ரூமில்தான் இருக்கிறது.

சரி, அந்த இடத்தில் சங்கம் என்ன செய்ய முடியும்? 2005-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்முறை சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம், அதுதான் நாப்ஸ்வி, உங்கள் பேராசிரியர் சொன்னது அநேகமாக அதுவாக இருக்கும். அவர்கள் 2013-லிருந்து இந்திய சமூகப் பணி மாநாடு நடத்துகிறார்கள், கவுன்சில் சட்டத்துக்காகக் குரல் கொடுக்கிறார்கள், நெறிமுறைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். கேரளத்தில் மாநில அளவில் ஒரு சங்கம் நன்றாகவே இயங்குகிறது, மாநிலச் சங்கங்கள் சேர்ந்த வலையமைப்பும் ஒன்று உண்டு. மனநல சமூகப் பணிக்காரர்களுக்காக 1970-லேயே தொடங்கிய சங்கமும் ஒன்று உண்டு. இவர்களில் யாராலும் உங்கள் டைரக்டரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது, அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் நெறிமுறை என்று எழுதி வைத்த ஒரு காகிதம், "இது என் அபிப்பிராயம் இல்லை, இந்தத் தொழிலின் முறை" என்று சொல்ல உதவும். அந்த டாடா பள்ளியின் (இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம்) ஆசிரியர்கள் 1997-ல் வெளியிட்ட நெறிமுறைப் பிரகடனம் உங்கள் கல்லூரி நூலகத்திலேயே இருக்கும், எம்.எஸ்.டபிள்யூ. முதல் வருடம் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் 1960-ல் அவர்கள் சங்கம் ஏற்றுக்கொண்ட முதல் நெறிமுறை 14 வாக்கியங்கள்தான், ஒவ்வொன்றும் 'நான்' என்று தன்மையில் எழுதப்பட்டது. இன்றைக்கு அது ஒரு சின்னப் புத்தகம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்தச் சங்கத்தின் பிறப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது. ஆஸ்பத்திரி சமூகப் பணிக்காரர்களுக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, குழுப் பணிக்கு ஒன்று என்று தனித்தனியாக ஏழு அமைப்புகள் இருந்தன, 1955-ல் ஏழும் சேர்ந்து ஒன்றாயின. பிரிட்டிஷ் சங்கமும் அப்படிப் பல சங்கங்கள் கலைந்து ஒன்றானதுதான்.

இங்கே கதை தலைகீழ். உங்கள் பேட்சையே நினைத்துப் பாருங்கள். ஒரு பங்கு எச்.ஆர். எடுத்திருப்பார்கள், ஏனென்றால் 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேரோ அதற்கு மேலோ இருந்த ஆலையில் நல அலுவலர் வைத்தே ஆக வேண்டியிருந்தது, அந்த வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. தகுதியாக ஏற்கப்பட்டது. அப்படிப் போனவர்கள் இன்றைக்கு ஹோசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உங்களைவிட மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு, தங்களை மேனேஜர் என்று நினைத்துக்கொள்கிறார்களே தவிர சமூகப் பணியாளர் என்று நினைப்பதில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, அவரவர் வீட்டுப் பாடு. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வேறு உலகம், நீங்கள் வேறு உலகம், பாதிப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பள்ளி ஆசிரியைகள். அப்புறம் சங்கத்தில் மிஞ்சுவது யார்? கல்லூரிப் பேராசிரியர்கள். அதனால்தான் நம் சங்கங்கள் எல்லாம் கருத்தரங்கு, மலர் வெளியீடு, மார்ச் மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை உலக சமூகப் பணி தினம், பொன்னாடை, குரூப் போட்டோ என்று போய்விடுகின்றன. களத்தில் இருப்பவர்கள் உள்ளே வராததால் களத்துப் பிரச்சினை தீர்மானமாக வருவதில்லை, அது வராததால் களத்தில் இருப்பவர்கள் சேர்வதில்லை. உங்கள் சீனியர் 'வெறும் சர்டிஃபிகேட்' என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் சங்கம் கேட்டால்தான் நடக்கிற காரியம் ஒன்று உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். தகுதி என்ற இடத்தில் சமூகப் பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி என்று வரிசையாகப் போகும். உங்கள் படிப்பு அதில் பத்தோடு பதினொன்று. இது சரியா என்று ஒரு தனி ஆள் கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் வாங்கிவைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு சங்கம் உறுப்பினர் எண்ணிக்கையோடு சமூக நலத் துறைச் செயலாளரைப் பார்த்தால் குறைந்தபட்சம் ஒரு ஃபைல் திறக்கும். இதில் உங்களுக்கு நாளைக்கே பலன் வராது, உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு வரலாம்.

போட்டோ விஷயத்துக்கு வருவோம், அது அவசரம். இதில் உங்களுக்கு நெறிமுறையைவிட வலுவான பிடி இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டிக்கொடுக்கும் எந்த விவரமும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணத்திலிருந்தும் வேலையிலிருந்தும் மீட்ட உங்கள் பிள்ளைகள் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டால் போதும் என்பார்கள், போதாது. பிள்ளை யூனிஃபார்மில் நிற்கும், சட்டைப் பையில் பள்ளி முத்திரை பளிச்சென்று தெரியும், பின்னால் சுவரில் ஊராட்சி பெயர் எழுதியிருக்கும், கதையில் 'பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அக்காவும் தங்கையும்' என்று இருக்கும். அந்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

டைரக்டரிடம் வாயால் பேசிவிட்டு வராதீர்கள், மெயில் போடுங்கள். தொனி முக்கியம். "சார், ரிப்போர்ட்டில் இப்படிப் போட்டால் நம் நிறுவனத்துக்கு பிரிவு 74-ல் சிக்கல் வரலாம், அதனால் இப்படிச் செய்யலாமா" என்று அவரையும் நிறுவனத்தையும் காப்பாற்றுகிற மாதிரி எழுதுங்கள், உங்கள் மனசாட்சியை அதில் இழுக்க வேண்டாம். மாற்று வழியையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்: எண்ணிக்கை, பல பிள்ளைகளின் அனுபவத்தைக் கலந்து ஊர் பெயர் மாற்றி எழுதிய ஒரு கதை (கலவைக் கதை என்று கீழே ஒரு வரி போட்டு), பிள்ளைகள் வரைந்த படங்கள். பணம் கொடுக்கிற ஃபண்டரிடம் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்று பெரும்பாலும் இருக்கும், ஒப்பந்தத்தோடு இணைத்திருப்பார்கள், அக்கவுண்ட்ஸ் ஃபைலில் தேடுங்கள். ஃபண்டர் கேட்கிறார் என்று சொல்லப்படுகிற போட்டோவை ஃபண்டரே தடுத்திருப்பது அடிக்கடி நடக்கிற கூத்து.

சம்பளத்துக்கும் பி.எஃப்.புக்கும் சங்கத்தைப் பார்க்காதீர்கள். 20 பேர் வேலை செய்கிற இடத்தில் பி.எஃப். பிடித்தாக வேண்டும், தொண்டு நிறுவனம் என்பதால் விலக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மதுரையிலேயே பி.எஃப். ஆபீஸ் இருக்கிறது. ஆனால் போட்டோ சண்டையையும் இதையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், ஒன்று முடிந்து ஒன்று.

இனி, சேரலாமா? சேருங்கள் என்பதுதான் என் பதில், ஆனால் எடுத்த எடுப்பில் ஆயுள் சந்தா வேண்டாம். கட்டுவதற்கு முன் பேராசிரியரிடம் சில விஷயம் கேளுங்கள். பொதுக்குழு கடைசியாக எப்போது கூடியது, கணக்கு உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறார்களா, தேர்தல் நடக்கிறதா, செயற்குழுவில் களத்தில் வேலை பார்ப்பவர் ஒருவராவது இருக்கிறாரா. நெறிமுறைச் சிக்கல் வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள், உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான். பதில் திருப்தியாக இருந்தால் கட்டலாம். இன்னொன்று, 'அகில இந்திய', 'சர்வதேச' என்று பெயர் வைத்துக்கொண்டு ஐ.டி. கார்டும் கார் ஸ்டிக்கரும் விற்கிற கூட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. கார்டில் சிங்க முத்திரை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதைத் தடுக்கவே 2005-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

சேர்ந்த பிறகு கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதற்கு உங்கள் 14 ஆயிரத்தில் சந்தா கட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளின் போட்டோவை ரிப்போர்ட்டில் போடச் சொல்லும் நிறுவனம் உங்களுடையது மட்டும் இல்லை. பக்கத்து மாவட்டங்களில் உங்களைப் போல இருக்கும் கேஸ் ஒர்க்கர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, களப் பணியாளர்களுக்கு ஒரு ஆலோசனைக் குழு வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். பேராசிரியரையே முன்மொழியச் சொல்லுங்கள், சேரச் சொன்னது அவர்தானே.

மெயிலை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ரிப்போர்ட் அச்சுக்குப் போய்விட்டால் பிறகு பேசிப் பயனில்லை.