கடலே இல்லாத லடாக்கில் கடற்காகம் எப்படி வந்தது?

லடாக்கின் சோ மோரிரி ஏரியில் கடற்காகங்களைப் பார்த்து, வழி தவறி வந்தவையோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அதுதான் அவற்றின் பிறந்த வீடு.

நீங்கள் பார்த்தது பழுப்புத்தலைக் கடற்காகமாக இருக்கும். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஏரியிலும் திபெத்திய ஏரிகளிலும் அது கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர் வந்து ஏரி உறைந்ததும் கிளம்பி, நம் கடற்கரைகளுக்கு வந்துவிடும். கோடியக்கரையில் நாம் பார்ப்பது இதே பறவைதான். ஆனால் அடையாளம் தெரியாது. லடாக்கில் காப்பித்தூள் நிறத்தில் இருந்த தலை, இங்கே வரும்போது வெளுத்துப்போய், கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு திட்டு மட்டும் மிஞ்சியிருக்கும்.

பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. கடற்காகத்துக்குக் கடல் கட்டாயமில்லை. கண்களுக்கு மேலே உள்ள சுரப்பிகள் உப்பைப் பிரித்து மூக்கு வழியாக வெளியேற்றுவதால் கடல்நீரையும் குடிக்கும், நல்ல தண்ணீரையும் குடிக்கும். சாப்பாட்டிலும் அப்படித்தான்: மீன், புழு, பூச்சி, குப்பைமேட்டு எச்சில் எல்லாம் ஒன்றுதான். நரி நெருங்க முடியாத ஒரு தீவு ஏரி நடுவில் கிடைத்தால் கூடு கட்டிவிடும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பாருங்கள். பசிபிக் கடலிலிருந்து சுமார் 1,000 கி.மீ. உள்ளே இருக்கிறது, ஆனாலும் அதன் மாநிலப் பறவை கடற்காகம். அங்குள்ள பெரிய உப்பேரியில் அவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன.