அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் சான்றிதழைப் பாருங்கள்: இறக்குமதி கேள்வி-பதில்

கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கி, பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பாதிப் பேருக்கு மேல் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் சான்றிதழ் பற்றிக் கேட்கிறீர்கள். அந்த வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை வராது.

நாகர்கோவில், பொம்மைக் கடை: சீனாவில் யிவூ மார்க்கெட்டில் இருந்து ஒரு கன்டெய்னர் பொம்மை எடுக்கலாம் என்று இருக்கிறேன். சப்ளையர் சி.இ. சான்றிதழும் லேப் ரிப்போர்ட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அட்வான்ஸ் கேட்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். சி.இ. என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. நிறையப் பொருள்களுக்குத் தயாரிப்பவரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்வது அது. இங்கே சுங்கத்தில் அதைக் காட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டு, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று) எங்கே என்றுதான் கேட்பார்கள்.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரண பொம்மைக்கு ஐ.எஸ். 9873, பேட்டரியிலோ கரண்டிலோ ஓடுவதற்கு ஐ.எஸ். 15644. இதில் பலருக்கும் புரியாத இடம் ஒன்று உண்டு: அந்த லைசென்ஸ் உங்களுக்கும் கிடையாது, யிவூ கடைக்காரருக்கும் கிடையாது, பொம்மையைச் செய்யும் தொழிற்சாலைக்குத்தான். வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றால் இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும், பி.ஐ.எஸ். ஆட்கள் போய் ஆலையைப் பார்க்க வேண்டும், மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், 10,000 டாலருக்கு வங்கி உத்தரவாதமும் தர வேண்டும். யிவூ கடையில் நீங்கள் கலந்துகட்டி எடுக்கும் சரக்கு எத்தனையோ சின்னச் சின்னப் பட்டறைகளில் இருந்து வருவது. உங்கள் ஒரு கன்டெய்னருக்காக அத்தனை பேரும் இதைச் செய்யப் போவதில்லை.

சரி, 'எங்களிடம் பி.ஐ.எஸ். இருக்கிறது' என்று ஒரு தொழிற்சாலை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.டி.எஃப். வேண்டாம், நம்பரைக் கேளுங்கள். சி.எம்./எல் என்று தொடங்கும் அந்த நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் யாருடைய லைசென்ஸ், எந்த முகவரி, எந்தப் பொருளுக்கு, எதுவரை செல்லும் என்று எல்லாம் வரும். முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் நம்பர் உண்மையாகவே இருக்கும், ஆனால் அது வேறொரு ஊரில் வேறொரு ஆலை வாங்கியதாக இருக்கும். சில நேரம் ஆலை சரியாக இருக்கும், லைசென்ஸ் சாதாரண பொம்மைக்கு மட்டும் இருக்கும், உங்கள் ஆர்டரில் பாதி ரிமோட் கார்.

இது இல்லாமல் சரக்கு வந்து இறங்கினால் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க விட வேண்டும். அந்த முடிவு வரும்வரை துறைமுகத்தில் டெமரேஜ் என்ற தேக்கக் கட்டணம் ஒரு பக்கம், கப்பல் கம்பெனிக்காரனின் கன்டெய்னர் வாடகை ஒரு பக்கம் என்று நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

மார்த்தாண்டம், மொபைல் கடை: பவர் பேங்க், புளூடூத் இயர்போன் இரண்டையும் என் கடைப் பெயரைப் பிராண்டாக அடித்துக் கொண்டுவர நினைக்கிறேன். அந்த ஃபேக்டரிக்கு ஏற்கெனவே ஆர் நம்பர் இருக்கிறதாம். போதும்தானே?

போதாது. மின்னணுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முறை இல்லை, கட்டாயப் பதிவு முறை. ஆர் என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கம் வரும் நம்பர். அதுவும் தொழிற்சாலையின் பெயரில்தான், ஆனால் அந்தப் பதிவிலேயே பிராண்டும் மாடலும் எழுதியிருக்கும். உங்கள் கடைப் பெயர் அதில் இல்லையென்றால் அந்த நம்பர் உங்கள் பெட்டிக்குச் செல்லாது. முதலில் பிராண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கு உங்கள் தரப்பில் இருந்து டிரேட்மார்க் காகிதமோ அனுமதிக் கடிதமோ கேட்பார்கள். சேர்த்த பிறகு அட்டைப் பெட்டி அச்சடித்தால் போதும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இயர்போனுக்கு இன்னொன்று கூடுதலாக வேண்டும். புளூடூத், வைஃபை எது இருந்தாலும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற ஒப்புதல் வேண்டும். சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பம், கையில் அலைவரிசைச் சோதனை அறிக்கை இருக்க வேண்டும். அப்புறம் பவர் பேங்கில் இருக்கும் பேட்டரிக்கும் இயர்போன் போன்ற மின்னணுச் சாமானுக்கும் குப்பைப் பொறுப்பு, அதாவது பழையதானதை முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பு உண்டு. இறக்குமதி செய்பவரைச் சட்டம் 'தயாரிப்பாளர்' என்றே கணக்கில் எடுக்கும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். சின்னக் கடைக்கு இவ்வளவுமா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், மாதம் சில நூறு பீஸ் விற்கிறவருக்கு இது கட்டாது. ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் இந்திய இறக்குமதியாளரிடம் மொத்தமாக வாங்கிவிடுவது மேல்.

கருங்கல், அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை): ஐவரி கோஸ்டில் இருந்து தோட்டண்டி (ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை) தூத்துக்குடிக்கு வருகிறது. ஃபைட்டோ சான்றிதழ் பிறகு அனுப்புகிறேன், முதலில் சரக்கை ஏற்றிவிடுகிறேன் என்கிறார் அனுப்புபவர்.

ஏற்ற விடாதீர்கள். தாவரத் தொற்றுத் தடுப்புக்கு 2003-ஆம் ஆண்டு ஆணை ஒன்று இருக்கிறது. அதன்படி ஏற்றுமதி நாட்டின் அரசுத் துறை, பூச்சி இல்லை என்று பார்த்துக் கொடுப்பதுதான் ஃபைட்டோ. ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியதைக் கப்பல் கிளம்பிய பிறகு எழுதி வாங்கினால் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். வரைவு நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, மூட்டை எண்ணிக்கை, எடை, உங்கள் பெயர், கன்டெய்னர் நம்பர் எல்லாம் பி.எல்.லோடு (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புகையூட்டிய விவரத்தில் மருந்து, அளவு, எத்தனை மணி நேரம், எந்தத் தேதி என்ற கட்டங்கள் காலியாக இருக்கவே கூடாது. காலியாக இருந்தால் தூத்துக்குடியில் மறுபடி புகையூட்டுவார்கள், செலவு உங்கள் தலையில் விழும், நாளும் போகும். அண்டி விஷயத்தில் நாள் போவது என்றால் ஈரமும் பூஞ்சையும்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு உற்பத்தி நாட்டுச் சான்றிதழையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. தான்சானியா, பெனின், கினி-பிசாவ், மொசாம்பிக் எல்லாம் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பவை, அங்கே விளைந்த சரக்குக்கு இந்தியா தனிச் சலுகைத் திட்டம் வைத்திருக்கிறது. ஐவரி கோஸ்டும் கானாவும் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் இருந்து ஏற்றுவதால் சரக்கு அந்த நாட்டுடையது ஆகிவிடாது, எங்கே விளைந்ததோ அதுதான் கணக்கு.

சிலர் உடைத்த முந்திரிப் பருப்பாகவே கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2019-இல் வைத்த குறைந்தபட்ச விலை இருக்கிறது: முழுப் பருப்பு கிலோ 720 ரூபாய்க்கும், உடைந்தது 680 ரூபாய்க்கும் கீழே இறக்குமதி செய்யத் தடை. இங்குள்ள ஆபீஸ்களைக் காப்பாற்றத்தான் அது.

அழகியபாண்டியபுரம், மலைச்சரக்கு வியாபாரம்: இலங்கையில் இருந்து கிராம்பு எடுத்தால் வரி இல்லை என்கிறார்கள். கொழும்புத் தரகர் ஒருவர் மிகவும் குறைந்த விலை சொல்கிறார்.

குறைந்த விலை என்றால் அது இலங்கைக் கிராம்புதானா என்று முதலில் கேளுங்கள். இந்தியா-இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000-இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது, ஆனால் சலுகை இலங்கையில் விளைந்ததற்கு மட்டும். மடகாஸ்கர் கிராம்பைக் கொழும்பில் இறக்கி மூட்டை மாற்றி அனுப்பினால் அது இலங்கைச் சரக்கு ஆகாது, சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

முன்பெல்லாம் சான்றிதழைக் காட்டினால் சலுகை, அதோடு முடிந்தது. 2020 செப்டம்பர் 21 முதல் கரோட்டார் என்ற விதி வந்துவிட்டது. சரக்கு எப்படி அந்த நாட்டுடையது என்பதற்கான விவரத்தை இறக்குமதி செய்பவர் கையில் வைத்திருக்க வேண்டும், அதற்கென்று படிவமே இருக்கிறது, சுங்கம் கேட்டால் கொடுக்க வேண்டும். 'தரகர் சொன்னார்' என்பது பதில் ஆகாது. எந்தத் தோட்டம், யாரிடம் வாங்கியது, எங்கே உலர்த்தியது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒழுங்கான ஆள் என்றால் கொடுப்பார், தட்டிக்கழித்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வெளிநாட்டுக் கிராம்பைக் கலந்து அந்தப் பெயரில் விற்க நினைப்பவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.

தூத்தூர், விசைப்படகு: வைஃபை உள்ள மீன் தேடும் கருவியும், மகன் துபாயில் இருந்து ஒரு சாட்டிலைட் போனும் கொண்டுவர முடியுமா?

ஒக்கி புயலுக்குப் பிறகு ஏன் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆழ்கடலில் பல நாள் இருப்பவருக்குக் கரையோடு பேச வழி வேண்டும், அதில் தப்பு இல்லை. ஆனாலும் துபாய்க் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் துரையா, இரிடியம் போன்களை இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், அது சுங்க அபராதத்தோடு முடியாது, போலீஸ் வழக்கு. முறையான வழி பி.எஸ்.என்.எல். தரும் சாட்டிலைட் போன் சேவை. மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மீன் தேடும் கருவிக்குப் பதில் எளிது: வைஃபை இருந்தால் இ.டி.ஏ. வேண்டும், மேலே மார்த்தாண்டத்துக்காரருக்குச் சொன்னதேதான். வைஃபை இல்லாத மாடல் பார்ப்பது சுலபம்.

தக்கலை, பேரீச்சம்பழ மொத்த வியாபாரம்: லேபிளை இங்கே வந்து ஒட்டிக்கொள்ளலாமா?

சிலதை ஒட்டலாம், சிலதை முடியாது. இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லோகோவும் லைசென்ஸ் நம்பரும், சைவக் குறி இவற்றைச் சுங்கக் கிடங்கில் வைத்து ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் நம்பர், சேர்மானம் இதெல்லாம் தயாரித்த இடத்திலேயே அச்சாகி வந்திருக்க வேண்டும். அப்புறம் ஆயுள் கணக்கு: சரக்கு இறங்கும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதம் மீதி இருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அது. நோன்புக் காலம் முடிந்ததும் வளைகுடாவில் மலிவாகத் தள்ளிவிடும் பழைய சரக்கு இந்த இடத்தில்தான் மாட்டுகிறது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் மத்திய லைசென்ஸாக இருக்க வேண்டும், மாவட்டத்தில் எடுத்த கடைப் பதிவு உதவாது. சில்லறைப் பொட்டலமாக வந்தால் எம்.ஆர்.பி., நிகர எடை, உற்பத்தி நாடு, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் 2011 பொட்டலப் பொருள் விதிப்படி வேண்டும், எடையளவுத் துறையில் இறக்குமதியாளராகப் பதிவும் செய்ய வேண்டும். இந்த எம்.ஆர்.பி. விஷயம் உணவுக்கு மட்டும் இல்லை, பொம்மை, பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

குலசேகரம்: குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பிவிட்டேன். பி.பி. பார்க்கும் மெஷின், சர்க்கரை பார்க்கும் மெஷின் இறக்குமதி செய்து விற்கலாமா?

செய்யலாம், ஆனால் இவை மருத்துவக் கருவிகள். 2017 விதிகளின்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் இறக்குமதி லைசென்ஸ் வாங்க வேண்டும். வீட்டுச் சாமான் என்று இன்வாய்ஸில் போட்டால் நிற்காது. முதலில் லைசென்ஸ் உள்ள கம்பெனியின் விநியோகஸ்தராக ஆரம்பியுங்கள்.

இரணியல், களியக்காவிளை, இன்னும் பலர்: ஏஜென்ட், 'எச்.எஸ். கோடை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) கொஞ்சம் மாற்றிப் போட்டால் பி.ஐ.எஸ். கேட்காது, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார்.

அவர் பார்த்துக்கொள்ள மாட்டார். பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) இருக்கும் விவரம் சரி என்பதற்கு இறக்குமதியாளரும் பொறுப்பு என்று சுங்கச் சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்தே பொய் விவரம் கொடுத்தால் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பில் ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம். நோட்டீஸ் உங்கள் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண்) முகவரிக்குத்தான் வரும். விழிஞ்ஞம் பக்கத்தில் இருக்கிறதே, அங்கே கொண்டுவந்தால் கெடுபிடி குறைவாக இருக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தத் துறைமுகமாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் அண்ணாச்சி.

கொல்லங்கோடு, கல்யாண வீடியோ: துபாயில் இருந்து டிரோனும் நல்ல இறக்குமதி ஹெல்மெட்டும் அண்ணன் கொண்டுவருகிறார்.

டிரோன் வேண்டாம். 2022 பிப்ரவரி 9 முதல் முழு டிரோன் இறக்குமதிக்குத் தடை, பாகங்களாகக் கழற்றிக் கொண்டுவந்தாலும் அதே தடைதான். பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்குத்தான் விலக்கு, கல்யாணம் அதில் வராது. இங்கேயே ரகச் சான்று பெற்ற டிரோன் கிடைக்கிறது, பில்லோடு வாங்குங்கள். ஹெல்மெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஐ.எஸ். 4151 முத்திரை இல்லாவிட்டால் நம் ரோட்டில் சட்டப்படி அது ஹெல்மெட் கணக்கில் வராது. அண்ணனிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.