புது மாநிலத்தில் முதல் டிசம்பர் விடுமுறையைச் சின்னக் குழந்தைகளோடு எப்படிக் கழித்தீர்கள்?

ஹைதராபாத்திலிருந்து கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும், ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அரையாண்டு விடுமுறைக்குச் சொந்த ஊர் போவதா, மலையைச் சுற்றிப் பார்ப்பதா என்பது உங்கள் கேள்வி. முடிந்தவரை வீட்டிலேயே இருங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பதற்கு எங்கள் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் குன்னூருக்கு வந்தது போன வருடம் ஜூனில். அதற்கு முன்பு எட்டு வருடம் புனே. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு இரண்டரை; இரண்டு பேரும் அங்கேயே பிறந்தவர்கள். நான் திருநெல்வேலிக்காரி, கணவருக்குத் திண்டுக்கல். மாற்றல் உத்தரவு வந்த அன்று எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம ஊருக்குப் போறோம்டா" என்று மகளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்போம். அவளுக்கு அது நம்ம ஊர் இல்லை என்பது எங்களுக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

பள்ளியில் தமிழ் கட்டாயம். 2006-இல் வந்த சட்டம் அது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மராத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தவள், இங்கே இரண்டாம் வகுப்பில் அ, ஆ எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள், வகுப்பில் வாயே திறக்க மாட்டாள் என்று டீச்சர் சொன்னார். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் தீபாவளி வந்தது. புனேயில் தீபாவளிக்குப் பள்ளிகளை இரண்டு மூன்று வாரம் மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு குடியிருப்பிலும் பிள்ளைகள் சேர்ந்து 'கில்லா' கட்டுவார்கள். கில்லா என்றால் கோட்டை. கல்லையும் உடைந்த செங்கல்லையும் குவித்து, பழைய சாக்கைச் சேற்றுக் குழம்பில் முக்கி மேலே போர்த்தி மலையாக்கி, வாசல், படி, கொத்தளம் எல்லாம் வைத்துச் சிவாஜியின் கோட்டை ஒன்றை எழுப்புவார்கள். மலை பச்சையாகத் தெரியச் சேற்றின் மேல் கடுகு தூவுவார்கள். உச்சியில் மண்ணால் செய்த சிவாஜி மகாராஜா உட்கார்ந்திருப்பார், கீழே அவருடைய மாவ்ளே வீரர்கள் நிற்பார்கள். அந்த மண் பொம்மைகளைக் குயவர்களிடம் வாங்குவதே ஒரு திருவிழா.

இங்கே தீபாவளிக்கு முந்தின வாரம், "எப்பம்மா கில்லா கட்டப் போறோம்?" என்று கேட்டாள். இங்கெல்லாம் பட்டாசு மட்டும்தான் என்றேன். அடுத்த நாள் வீட்டுக்குப் பின்னால் அவளாகவே மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தாள். அப்போது வடகிழக்குப் பருவமழை. ஊட்டியை விடக் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அந்த மழை அதிகம்; உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். துவைத்த துணி நான்கு நாளாகக் காயாமல் கிடந்த எரிச்சலில், சேறும் சகதியுமாக நின்ற பிள்ளையைக் கை பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். அவள் அழவில்லை. கை கால் கழுவிக்கொண்டு, பொம்மைகள் இருந்த பிஸ்கட் டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் கணவர் பட்டியல் போட்டார். தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, பைக்காரா, டால்பின் நோஸ். முதல் இரண்டு நாள் அப்படியே கிளம்பினோம். மகன் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தான். தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தது வண்டிகளின் வரிசையைத்தான். மலை ரயிலில் மட்டும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை என்று அவள் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். லவ்டேல் தாண்டும்போது அவள் கேட்டாள்: "இது புனே வரைக்கும் போகுமா?" எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் எங்கேயும் போகவில்லை.

எங்கள் கீழ்வீட்டில் ஓர் அக்கா குடும்பம் இருக்கிறது. அன்று காலை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கல்சுவரில் படர்ந்த பாசியைக் கத்தியால் கீறித் தகடு தகடாக எடுத்தார்கள், ஓடையோரம் போய்ப் பெரணி பறித்து வந்தார்கள். பிரவுன் தாளைக் கசக்கிப் பச்சை மை பூசி மலை செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும், படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகள் எழுந்து போய், "பேப்பர்ல வேணாம், நான் நிஜ மலை கட்டித் தரேன்" என்றாள். ஆறு மாதத்தில் அவளாக வெளியே ஒருவரிடம் பேசிய முதல் வாக்கியம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த அக்கா சாக்குப் பை கொடுத்தார். பையன்கள் கல் சுமந்தார்கள். செம்மண்ணைத் தோசை மாவு பதத்துக்குக் கரைக்க வேண்டும், தண்ணியாக இருந்தால் வழிந்துவிடும், கெட்டியாக இருந்தால் வெடித்துவிடும் என்று என் மகள் உத்தரவு போட, அவளை விடப் பெரிய பிள்ளைகள் அப்படியே கேட்டார்கள். முழங்கை வரை மண். இந்த முறை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெந்நீர் மட்டும் போட்டு வைத்தேன்.

அடுத்து கடுகு. புனேயில் மூன்று நாளில் முளைத்துவிடும். இங்கே மூன்று நாள் கழித்தும் கடுகு கடுகாகவே இருந்தது. விடிகாலையில் தொட்டுப் பார்த்தால் ஈரச் சாக்கு ஐஸ் மாதிரி இருந்தது. குன்னூரில் பெரும்பாலும் நீர்ப்பனியோடு போய்விடும். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில்தான் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகி, தேயிலைகூடக் கருகிப்போகும். ஆனால் முளைக்க வேண்டிய விதைக்கு நீர்ப்பனியே அதிகம்தான். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "முளைப்பாரிக்குப் பண்ற மாதிரி கூடை கவுத்து இருட்டுல வையி. காத்து படக்கூடாது" என்றாள். கீழ்வீட்டு அக்காவின் அம்மா, ராத்திரி மட்டும் விறகடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கலாம் என்றார். பலகையின் மேல்தான் மலையைக் கட்டியிருந்தார்கள், அதனால் நான்கு பேர் பிடித்து நகர்த்த முடிந்தது. தினமும் காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் என் மகள் கீழே ஓடுவாள். இருபத்து மூன்றாம் தேதி காலையில் மேலே ஓடி வந்து, "ஆச்சி, வால் வந்துருச்சு!" என்று கத்தினாள். ஒவ்வொரு கடுகிலும் வெள்ளை நூல் மாதிரி ஒரு வேர்.

இந்த இடத்தில் அந்தப் பாட்டியை, கீழ்வீட்டு அக்காவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்த மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியில் குடியமர்ந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். பாட்டி பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர். என் மகள் சேறு பூசுவதைப் பார்த்துக்கொண்டே கேரட் சீவிக்கொண்டிருந்தவர், திடீரென்று என்னிடம் சொன்னார்: "ஊருக்குப் போறோம், ஊருக்குப் போறோம்னு சொல்லித்தான் எங்கப்பா கூட்டியாந்தாரு. அவருக்கு அது ஊரு. எனக்கு எங்க லயந்தான் ஊரு. அதை நான் யாருகிட்ட சொல்றது?"

அவர் என் மகளை நினைத்துத்தான் சொன்னாரா, தன் நினைவில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். தூக்கம் வராமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் ஊர் திரும்பியிருக்கிறோம், அவள் ஊரை விட்டு வந்திருக்கிறாள். ஒரே ரயிலில்தான் வந்தோம். மறுநாளிலிருந்து அவளிடம் 'நம்ம ஊர்' என்பதை விட்டுவிட்டு, குன்னூர் என்றே சொல்லிப் பழகினோம். அவளுடைய புனே தோழியோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேச வைத்தோம். முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டியது அது.

இருபத்து நான்காம் தேதி ராத்திரி, மலையில் சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் விரற்கடை உயரத்துக்குப் பச்சை. மறுபக்கம் மொட்டை. மொட்டைப் பக்கத்துக்குப் பாசியை ஒட்டினார்கள். மாட்டுக்கொட்டில், சூசை, மரியாள், இடையர்கள், ஆட்டுக்குட்டி. மகள் மேலே வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துப் போனாள். மாவ்ளே வீரர்கள் ஆறு பேரும் மலைச் சரிவில் காவலுக்கு நின்றார்கள். சிவாஜி மகாராஜாவை மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இது பாப்பாவோட மலை. ராஜாவுக்கு நான் தீபாவளிக்குத் தனியா கட்டுவேன்" என்றாள். கேரல் பாட வந்த பிள்ளைகள் எல்லோரும் குனிந்து முதலில் பார்த்தது அந்த ஆறு பேரைத்தான். பாட்டி தேங்காய் ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்திருந்தார். மகன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என் தோளில் தூங்கிவிட்டான்.

உங்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம். உறவினர்கள் சொந்தக் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. என் அம்மா மேட்டுப்பாளையத்தில் இறங்கி அரசுப் பேருந்தில் வந்துவிட்டாள். அவர்களை மலை ரயிலில் கூட்டிவருவதையே நம்பித் திட்டம் போடாதீர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் அடிக்கடி ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்தி சாய்ந்தபின் பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் விடாதீர்கள். காட்டெருமையும் கரடியும் வீட்டு வாசல் வரை வருகிற ஊர்கள் இவை.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். எவ்வளவு குளிரினாலும் கரி அடுப்பை, நெருப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. அணைந்த மாதிரித் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல் சிக்குவதுண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை, காலுறை, தலைக்குக் குல்லா, ஒரு கம்பளி. அவ்வளவு போதும்.

கோத்தகிரியில் இருப்பதால் இன்னொன்றும் உங்களுக்கு வாய்க்கும். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். பேரகணி உங்களுக்குப் பக்கம்தான். வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருவார்கள். பக்கத்து வீட்டில் படுகர் குடும்பம் இருந்தால் அவர்களிடம் கேட்டு, அவர்கள் கூப்பிட்டால் குழந்தைகளோடு போய் வாருங்கள். தொட்டபெட்டா எங்கேயும் போய்விடாது. ஹைதராபாத்தில் உங்கள் ஐந்து வயதுப் பிள்ளை விடுமுறையில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சங்கராந்திப் பட்டமோ, தாத்தா வீட்டு மொட்டை மாடியோ, எதுவாக இருந்தாலும் அதைப் பெட்டியில் எடுத்து வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சாக்கு உலர்த்தி மடித்து மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கடுகு மட்டும் போதாது, இந்தக் குளிருக்கு வெந்தயமும் கலந்து தூவிப் பார்க்க வேண்டும் என்று மகளும் கீழ்வீட்டுப் பையனும் பேசி வைத்திருக்கிறார்கள்.