ஒரே டயர், எண்ணிக் கொடுத்த இன்ஜின்: சேலம் வாசகர்களின் பந்தயக் கேள்விகள்

ஃபார்முலா 1 (எஃப் 1) கார் பந்தயத்தில் எல்லா அணிக்கும் ஒரே கம்பெனி டயர் என்றால் அதில் என்ன போட்டி? (சூரமங்கலம்)

டயர் ஒன்றுதான், அதைத் தேய்க்கிற விதம் காருக்குக் கார் வேறு. ஃபார்முலா 1க்கு 2011 முதல் பைரெல்லி மட்டுமே டயர் தருகிறது. 2025 விதிப்படி வழக்கமான பந்தய வாரத்தில் ஓட்டுநருக்கு 13 செட் ஸ்லிக் (உலர்ந்த தடத்துக்கான வழவழப்பு டயர்): கடினமான ஹார்ட் 2, நடுத்தரமான மீடியம் 3, மென்மையான சாஃப்ட் 8. மழை இல்லாவிட்டால் பந்தயத்தில் இரண்டு ரகமாவது போட்டாக வேண்டும். பிட்டிலிருந்து (டயர் மாற்றும் இடம்) வந்த முதல் சுற்றிலேயே முறுக்கினால், உள்ளே சூடேறாத டயரின் மேல்தோல் மட்டும் இழுபட்டுத் துணுக்குத் துணுக்காகப் பிய்யும். அதுதான் கிரெய்னிங்; பிடிப்பு போய்விடும். உள்சூடு மிஞ்சினால் கொப்புளம். இரண்டுக்கும் நடுவே ஓட்டத் தெரிந்தவர் நாலைந்து சுற்று தாமதமாகப் பிட்டுக்கு வரலாம்.

2005இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த எஃப் 1 பந்தயத்தில் ஓடியதே ஆறு கார். நம்ம நரேன் கார்த்திகேயன் எடுத்த புள்ளிகளை மதிக்கலாமா? (அஸ்தம்பட்டி)

தாராளமாக. அந்த ஆண்டு தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர். 13ஆம் வளைவு சரிவாக எழுப்பிய வளைவு; வேகத்தோடு சேர்ந்து டயர் மேல் பாரம் அமுக்கும். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் அங்கேதான் போனது. முழு வேகத்தில் தன் டயர் தாங்காது என்று, அப்போது டயர் தந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றான மிஷெலின் சொல்லிவிட்டது. வேகத்தைக் குறைக்கச் சிகேன் (வளைந்து நெளிந்து போக வைக்கும் தடுப்பு) வைக்கக் கேட்டதற்கு, பந்தயத்தை ஆளும் அமைப்பான எஃப்ஐஏ மறுத்தது. பந்தயம் தொடங்குமுன் ஓட்டும் ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் மிஷெலின் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் போய்விட, மற்றொரு கம்பெனியான பிரிட்ஜ்ஸ்டோனின் டயர் போட்ட 6 மட்டும் ஓடின. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் 4ஆம் இடம், 5 புள்ளி. விதிக்குள் இருந்த டயரில் முழுத் தூரமும் ஓட்டி எடுத்தது அது. மறு ஆண்டே பந்தயத்தின் நடுவில் டயர் மாற்ற அனுமதி திரும்பியது. 2007 முதல் ஒரே சப்ளையர்.

ஓட்டுநர் தப்பே செய்யாதபோது கூடுதல் இன்ஜின் போட்டதற்காகத் தொடக்க வரிசையில் 10 இடம் பின்னால் தள்ளுவது நியாயமா? (ஏற்காடு)

வருத்தமான விதிதான், ஆனால் தேவை. 2025இல் ஆண்டு முழுவதற்கும் ஒரு ஓட்டுநருக்கு இன்ஜின், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் பாகம்) ஒவ்வொன்றும் 4, பேட்டரி 2. கணக்கைத் தாண்டிய முதல் முறை 10 இடம், அடுத்து அதே பாகத்துக்கு 5 இடம். இது இல்லாவிட்டால் காசுள்ள அணி வாரத்துக்கு ஓர் இன்ஜினை எரித்துவிட்டுப் போகும். அதனால்தான் முந்துவதற்கு இடம் இருக்கிற பெல்ஜியத்தின் ஸ்பா மாதிரித் தடத்தில் புது இன்ஜினைப் போட்டுத் தண்டனையை வாங்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் ஊர் உயரம் சுமார் 1,500 மீட்டர்; டர்போ இல்லாத பைக் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கையில், கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் சுமார் 15 சதவீத சக்தியை இழந்திருக்கும். மெக்சிகோ சிட்டி தடம் 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே மெல்லிய காற்றை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். தேய்ந்த டர்போவை அங்கே கொண்டுபோவது ஆபத்து.

எஃப் 1லும் எல்லாருக்கும் ஒரே இன்ஜின் கொடுத்தால்? (செவ்வாய்ப்பேட்டை)

வேண்டாம். விலைக்கு வாங்கும் அணிக்கும் சொந்த அணிக்குத் தரும் அதே இன்ஜினை, அதே மென்பொருளோடு தர வேண்டும் என்ற விதியே போதும். மெர்சிடிஸ் இன்ஜினை வாங்கி ஓட்டும் மெக்லாரன் 2024, 2025 இரண்டிலும் அணிப் பட்டம் வென்றது.

பையனுக்குப் பழைய கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) வாங்குகிறோம். எதைப் பார்க்க வேண்டும்? (ஆத்தூர்)

ரோட்டாக்ஸ் மேக்ஸ் போன்ற, சீல் வைத்த இன்ஜினோடு ஓடும் போட்டி வகுப்பில் முதலில் சீல். இன்ஜினில் உள்ள சீல் எண்ணும் அதன் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, கம்பி அறுத்து ஒட்டியதா என்று பாருங்கள். சீல் உடைந்த இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஸ்க்ரூட்டினி என்ற வண்டிச் சோதனையில் நிற்காது. உள்ளூர் லேத்தில் திறக்கவே விடாதீர்கள்.

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து எழுதுங்கள், ஓடி வந்த உடனே மறுபடி அளந்து எழுதுங்கள். 12 பிஎஸ்ஐயில் தொடங்கினால் 10 டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். சேலத்துக் காலை வெயிலில் வைத்த காற்று மதியத்துக்குச் சரிவராது. நிழலில் வைத்துத் திரும்ப அளந்து பாருங்கள். ரப்பரை மென்மையாக்க ரசாயனம் தடவச் சொல்வார்கள். அது கண்டுபிடிக்கப்பட்டால் பையனைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.