ஆடிக்கு முன்னால் வேரைப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்மண் இடம் இருக்கிறது. போன வருஷம் கத்திரியும் தக்காளியும் போட்டோம், காய்ப்பு சுமார்தான். ஆடிப்பட்டத்துக்கு மண்ணை எப்படித் தயார் செய்வது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மண்வெட்டியை எடுக்கும் முன் பழைய கத்திரிச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். அவரை வேரில் இருக்கும் முடிச்சு நகத்தால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், அது நல்லது. கத்திரி வேரிலேயே உதிராமல் வீங்கிய முடிச்சுகள் தெரிந்தால் அது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. அப்படி இருந்தால் இந்த ஆடியில் அங்கே கத்திரி, தக்காளி, வெண்டை மூன்றும் வேண்டாம். செண்டுமல்லியை நெருக்கி நட்டுவிடுங்கள், பூவும் ஆச்சு. பிடுங்கிய வேரை உரக்குழியில் போடாதீர்கள்!

வேர் சுத்தமா? சரி, ஒரு மழை பெய்யட்டும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் குத்தினால் உதிர வேண்டும். பிசுபிசுவென ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், ஈரத்தில் கொத்திய செம்மண் காய்ந்ததும் ஓட்டாஞ்சில்லு மாதிரி ஆகிவிடும். விதைப்புக்கு 15 நாள் முன்னால், சதுர மீட்டருக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கோடு நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து கொத்திவிடுங்கள். பச்சைச் சாணம் போட்டால் வெள்ளைப் புழுதான் வரும், நானே பட்டிருக்கிறேன். அவரை, கொத்தவரையை நேராக ஊன்றலாம். மிளகாய்க்கு மட்டும் இப்போதே நாற்று விட்டுவிடுங்கள், நடும் பக்குவத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும்.