இன்டேக் போர்ட்டைக் குடைந்து பெரிதாக்கினால் பவர் ஏறுமா?

ஏறும் என்றுதான் நானும் நம்பினேன். பழைய 150 சிசி கார்புரேட்டர் பைக்கின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இன்டேக் போர்ட்டை, அதாவது காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் போகும் வழியை, குடைந்து, கண்ணாடி மாதிரி பாலிஷும் போட்டேன். மாட்டி ஓட்டினால் மேல் ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் வேகமாகச் சுற்றும்போது, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் இருந்த இழுவைதான் காணாமல் போயிருந்தது.

காரணம் காற்றின் வேகம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். போர்ட்டுக்குள் வேகமாக வரும் காற்று, வந்த வேகத்திலேயே அந்த நேரத்திலும் சிலிண்டருக்குள் புகுந்துகொண்டிருக்கும். துளையை அகலமாக்கினால் குறைந்த ஆர்பிஎம்மில் அந்த வேகம் செத்துவிடும். உள்ளே போன கலவையில் கொஞ்சத்தைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். பாலிஷும் வீண்தான். பெட்ரோல் போர்ட் வழியாக வரும் என்ஜினில் சுவர் லேசாகச் சொரசொரப்பாக இருப்பதே நல்லது, ஈரம் படலமாகத் தேங்காது. எக்ஸாஸ்ட் பக்கம் பாலிஷ் போடலாம், கரி ஒட்டுவது குறையும்.

நான் செய்த பெரிய தப்பு இன்னொன்று. கருவி எளிதாக எட்டுகிறதே என்று போர்ட்டின் அடிப்பக்கத்தைக் குடைந்தேன். காற்று வால்வை நோக்கித் திரும்பும் உள்வளைவு அங்கேதான் இருக்கிறது. அந்த வளைவு கூர்மையானால் காற்றால் ஒட்டித் திரும்ப முடியாது, சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். அப்புறம் வால்வின் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும். உண்மையில் லாபம் கிடைப்பது இந்த வளைவிலும், வால்வு மூடும்போது உட்காரும் வளையமான சீட்டுக்குச் சற்று மேலும் கீழும் உள்ள சில மில்லிமீட்டரிலும்தான். சீட்டை 30, 45, 60 என மூன்று கோணத்தில் ஒழுங்காக வெட்டினாலே பல ஹெட்கள் தேறிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு: வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயர்ந்தால், சுற்றிலும் திறக்கும் இடைவெளியின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். 32 மி.மீ. வால்வுக்கு அது 8 மி.மீ. அவ்வளவு உயராத வரை சீட்டும் வால்வு விளிம்பும்தான் காற்றைக் கட்டுப்படுத்தும், போர்ட்டின் அகலம் அல்ல.

ஹெட் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் கருவி காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் 28 அங்குல உயர நீர் தரும் அளவு அழுத்தத்தில் சீராகக் காற்றை ஓட்டி அளப்பார்கள். என்ஜினுக்குள்ளோ காற்று விட்டுவிட்டுத்தான் ஓடும். காற்று எவ்வளவு போகிறது என்று அது சொல்லும், என்ன வேகத்தில், எப்படிச் சுழன்று போகிறது என்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

என் பைக்குக்கு வேறு ஹெட் வாங்கி மாட்டினேன். பழையது இன்னும் அலமாரியில் பளபளவென்று இருக்கிறது.