ரூஃபுக்குக் கீழே விரிசல்: எத்தனை தடவை பூசினாலும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: வீடு கட்டி நாலு வருஷம் ஆகிறது. மேல்மாடிச் சுவரில், காங்கிரீட் ரூஃபுக்கு நேர் கீழே படுக்கைவாட்டில் ஒரு விரிசல். இரண்டு தடவை சிமென்ட் பூசியாயிற்று, கோடை வந்ததும் அதே இடத்தில் விட்டுவிடுகிறது. வீட்டுக்கு ஆபத்தா?

பதில்: நீங்கள் சொல்லும் இடமும் கோடைக் கணக்கும் பொருந்துவதால் இது பெரும்பாலும் வெயிலின் வேலைதான், அஸ்திவாரத்தைச் சந்தேகப்படாதீர்கள். ரூஃப் தளம் பகலில் வெயிலில் சூடேறி நீளுகிறது, ராத்திரி சுருங்குகிறது. கீழே உள்ள செங்கல் சுவர் அந்த அளவுக்குச் சூடாவதில்லை, ஒரே சூட்டுக்கு அது காங்கிரீட்டைவிடக் குறைவாகவே விரியும் வேறு. இரண்டும் ஒட்டியிருக்கும் இடம்தான் பிய்கிறது.

எவ்வளவு நீளும்? காங்கிரீட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.01 மி.மீ. 10 மீட்டர் தளம் 20 டிகிரி சூடேறினால் 2 மி.மீ., அதாவது முனைக்கு 1 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரு பொருள் உடையுமா என்று பார்க்க, நீண்ட அளவை அது நீண்ட இடத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும். அந்த விகிதம்தான் திரிபு. சிமென்ட் பூச்சை இழுத்தால் 0.01 அல்லது 0.02 சதவீதத்திலேயே விட்டுவிடும். மெல்லிய விரிசலுக்குள் அடைத்த சிமென்ட்டிடம் தினமும் 1 மி.மீ. அசையச் சொன்னால் அது என்ன செய்யும் பாவம்!

சரி, சீலன்ட் (ரப்பர் போல நீளும் அடைப்புப் பசை) அடைக்கலாமா? அடைக்கலாம், ஆனால் இங்கேதான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். 1 மி.மீ. விரிசலில் அப்படியே பிதுக்கினால், 1 மி.மீ. அசைவுக்கு அது 100 சதவீதம் இழுபட வேண்டும், பெரும்பாலான சீலன்ட் 25 சதவீதத்துக்குத்தான் செய்யப்பட்டது. அதனால் கொத்தனாரிடம் சொல்லி, பூச்சுப் பக்கமாக (காங்கிரீட்டைத் தொடாமல்) விரிசலை 10 மி.மீ. அகலக் காடியாக (நீளப் பள்ளமாக) வெட்டச் சொல்லுங்கள். அதே 1 மி.மீ. இப்போது வெறும் 10 சதவீதம். காடியின் உட்பக்கத்தில் ஃபோம் கயிறோ டேப்போ வைத்து, சீலன்ட் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டும் ஒட்டும்படி விடுங்கள். உட்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டால் தாராளமாக நீள முடியாமல் கிழியும். சீலன்ட்டுக்குக் காடியின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல் ஆழம் போதும். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பாலியூரித்தேன் வகை சீலன்ட் வாங்குங்கள், சாதா சிலிகான்மேல் பெயின்ட் பிடிக்காது.

அப்புறம் மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் கோட் (வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு) அடியுங்கள், சூடு குறைந்தால் அசைவே குறையும். புதிதாகக் கட்டுபவர்கள் தளம் போடும் முன் சுவரின் தலையை வழவழப்பாகப் பூசி, தடித்த பாலிதீன் இரண்டு அடுக்கு விரித்துவிட்டால் தளம் வழுக்கிக்கொண்டு போய்வரும்.

ஒன்று மட்டும்: விரிசல் சாய்வாக ஓடினாலோ, ஒரு முனையில் அகலமாகிக்கொண்டே போனாலோ, ரூஃபில் துருக்கறை தெரிந்தாலோ சீலன்ட் பேச்சே வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள்.